ஆம்பிளிஃபயர் அண்ணாச்சியிடம் கேளுங்க

செங்கோட்டையில் 30 வருஷமாக ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் பழுதுபார்க்கும் அண்ணாச்சியிடம், கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கேட்டவை.

புளியரை: அண்ணாச்சி, ஆடியோஃபைல்னு சொல்லிக்கிட எவ்வளவு ரூபாய்க்கு செட் வேணும்?

ரூபாயில ஆரம்பிச்சா முடிவே கிடையாது தம்பி. லத்தீன்ல 'ஆடியோ'ன்னா கேட்கிறேன், கிரேக்கத்துல 'ஃபிலோஸ்'னா பிரியம். பேருல பெட்டியே இல்ல, பாத்தியா? கோயில் கொடையில மைக் இல்லாம ஒரு நாகஸ்வரத்தைப் பத்தடி தள்ளி நின்னு கேளு. அதையே வீட்டு செட்டுல போட்டு, எங்க பொய் சொல்லுதுன்னு உன்னால காட்ட முடிஞ்சா நீ அந்த ஆளுதான். செட்டு 3,000 ரூபாயா இருந்தாலும் சரி.

ஆரியங்காவு: ரூம்ல பேஸ், அதான் அடித்தொனி, ஒரே குமுறல். ஆம்ப்பை மாத்தட்டுமா?

மாத்தாத. பெட்டி ரெண்டையும் மூலையில ஒட்டி வச்சிருப்ப. எதிரெதிர் சுவர் 11 அடின்னா, 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) பக்கத்து ஒலியோட பாதி அலை அதுக்குள்ள கச்சிதமா அடங்கிரும். சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வீங்கும். பேஸ் கிடார்ல ஒரு ஸ்வரம் மட்டும் தடிச்சு, அடுத்தது ஒல்லியாக் கேட்கும். பெட்டியைச் சுவரை விட்டு ரெண்டடி முன்னால இழு. ரெண்டு பெட்டியும் உன் நாற்காலியும் சமமுக்கோணமா இருக்கணும், டிவீட்டர், அதான் கீச்சு ஒலி தர்ற சின்ன ஸ்பீக்கர், காது மட்டத்துக்கு வரணும். பின்சுவர்ல தலையை ஒட்டி உட்காராத. மெத்தையோ துணி அலமாரியோ உள்ள கிடக்கட்டும். மொட்டைச் சுவர் வீட்டுல 2 லட்ச ரூபாய் செட்டும் குளியலறைப் பாட்டுதான்.

தென்காசி: 40,000 ரூபாய் ஸ்பீக்கர் வயர்?

வேண்டாம். பத்தடிக்கு எலக்ட்ரிக்கல் கடையில 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். மிச்சத்துக்குப் பாட்டு வாங்கு.

புனலூர்: பாட்டு ஃபைல்ல, கொஞ்சம் வெட்டிச் சுருக்குன 320 எம்பி3க்கும் எதையும் இழக்காத ஃப்ளாக்குக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியுது. நண்பன் சிரிக்கான்.

அவனையே மாத்தி மாத்திப் போடச் சொல்லு, நீ திரையைப் பார்க்காத. ரெண்டும் ஒரே சத்தத்துல இருக்கணும். கொஞ்சம் கூடுனது எப்பவும் நல்லதாத் தோணும். இருபதுக்குப் பத்து சரின்னா நாணயம் சுண்டுனதும் ஒண்ணுதான்.

கடையநல்லூர்: எனக்கு 62 வயசு அண்ணாச்சி. இனி இதெல்லாம் எதுக்கு?

20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்ங்கிறது இளங்காதுக்கு ஐயா. வயசாக ஆக மேலே இருந்து தேயும். நம்ம பாட்டுல குரலும் வீணையும் பெரும்பாலும் அதுக்கு ரொம்பக் கீழதான். கடையில பழைய பிக்சர் டியூப் டிவி ஒண்ணு 15,625 ஹெர்ட்ஸ்ல விசிலடிக்குதாம். எனக்குக் கேட்கல, பேரன் காதைப் பொத்துறான். இப்ப டிவீட்டர் சரிபார்க்க அவனைத்தான் ஸ்டூல்ல உட்கார வைக்கேன். கூலி, ஒரு முறுக்குப் பொட்டலம்.