வாசகர் கேள்வி – பதில்: விலையை ஏன் ஒளிக்க வேண்டும்?

இந்த இதழுக்கு வந்தவற்றில் அனேகமானவை வீட்டிலிருந்தபடி பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் வியாபாரம் செய்கிறவர்களின் கேள்விகள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம்.

மில்லில் திரித்த வறுத்த மிளகாய்த்தூளைப் பேஸ்புக் பக்கம் மூலம் விற்கிறேன். தொடக்கத்தில் ஒருவரிடம் காசு கொடுத்து 5,000 லைக் வாங்கினேன். இப்போது என்ன போட்டாலும் நாற்பது பேர்கூடப் பார்ப்பதில்லை. விளம்பரத்துக்கு இன்னும் காசு போடலாமா?
– வாசகி, சுன்னாகம்

இப்போதைக்குப் போடாதீர்கள். பேஸ்புக் ஒரு பதிவை முதலில் கொஞ்சப் பேருக்குக் காட்டும். அவர்கள் நின்று பார்த்தால், ஏதாவது எழுதினால், வேறு ஆட்களுக்கும் காட்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 5,000 பேரில் உங்கள் தூளில் கறி வைக்கப் போகிறவர் ஒருவரும் இல்லை. பதிவு அவர்களிடம் போய் அங்கேயே படுத்துவிடுகிறது. பின்தொடர்பவர் பட்டியலில் பெயர், ஊர் ஒன்றும் பொருந்தாத கணக்குகளை நாளுக்குக் கொஞ்சமாக நீக்கி வாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பக்கத்தை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதைவிட நல்லது. பழைய பக்கத்தில் உண்மையான வாடிக்கையாளர் எழுதிய நாலு வரி இருந்தால் அதுதான் உங்கள் முதல்.

உங்கள் பதிவுகளின் படங்களையும் அனுப்பியிருந்தீர்கள். எல்லாவற்றிலும் 'விலைக்கு இன்பொக்ஸ் வரவும்' என்று இருக்கிறது. முதலில் அதை நிறுத்துங்கள். போட்டிக்காரர் பார்த்துவிடுவார் என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். அவர் வேறு கணக்கில் வந்து கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துகொள்வார். தடைப்படுவது வாங்க வந்தவர்தான். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போக அவருக்குக் கூச்சம். ரொறன்ரோவில் இருந்து கேட்டால் ஒரு விலை, கொக்குவிலில் இருந்து கேட்டால் இன்னொரு விலை சொல்வார்களோ என்ற ஐமிச்சமும் இருக்கும். அந்த ஐமிச்சம் பல இடங்களில் உண்மையும்கூட.

பதிவில் இவ்வளவும் இருக்கட்டும்: நிறை, விலை, திரித்த திகதி, எத்தனை கிலோ செத்தல் மிளகாய்க்கு எத்தனை கிலோ மல்லி, உறைப்பு எப்படி, வீட்டில் வந்து எடுக்கலாமா, கூரியர் கட்டணம் எவ்வளவு. மிளகாய்–மல்லி அளவைச் சொன்னால் தொழில் இரகசியம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கைப்பக்குவம் வறுப்பில் இருக்கிறது, அதை யாரும் பதிவைப் பார்த்துத் திருட முடியாது. அளவு தெரிந்தால் வாங்குகிறவருக்கு உறைப்பு பிடிபடும். 'அளவுக்கு மேல உறைக்குது' என்ற முறைப்பாட்டில் பாதி அதோடு போய்விடும்.

படம் அடுத்தது. வறுத்த தூள் கபில நிறம். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்தாலோ, ஃபில்டர் போட்டாலோ சிவப்பாகத் தெரியும். பார்சலைப் பிரித்தவர் 'படத்தில் வேற, கையில் வேற' என்பார். காலை வெளிச்சத்தில், விறாந்தையில், வெள்ளைத் தட்டில் கொட்டி எடுங்கள். நிறுப்பதை அரை நிமிட வீடியோவாகப் போடுங்கள்: வெறும் பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, பிறகு தூளை நிரப்பி, எண்ணைக் காட்டுங்கள். பைக்குள் அடங்கிய நிறைதான் 500 கிராம் என்று பார்க்கிறவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

கூரியர் நிறுவனங்கள் பொதுவாக முதல் கிலோவுக்கு ஒரு கட்டணமும் அடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொரு கட்டணமும் எடுக்கும். ஒரு கிலோ தூளைப் பெட்டியில் போட்டால் நிறை ஒரு கிலோவைத் தாண்டும், இரண்டாவது கிலோவின் கட்டணமும் ஏறும். 450 கிராம் பை இரண்டாகக் கொடுத்தால் பெட்டியோடு ஒரு கிலோவுக்குள் அடங்கும். பையில் 450 என்றே பெரிதாக அச்சிட வேண்டும். அரைக் கிலோ என்று வாயால் சொல்லி 450 கொடுப்பது வேறு கதை.

இதெல்லாம் ஒரு மாதம் ஒழுங்காக நடந்த பிறகு, அதிகம் பேர் கேள்வி கேட்ட ஒரு பதிவுக்கு மட்டும் சிறு தொகையில் பூஸ்ட் (காசு கட்டிப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டுவது) போட்டுப் பாருங்கள். இடம் தெரிவு செய்யும்போது நீங்கள் பார்சல் அனுப்பக்கூடிய மாவட்டங்களை மட்டும் குறியுங்கள். கனடாவுக்கு அனுப்ப வழியில்லாமல் கனடாவில் விளம்பரம் காட்டுவது வீண் காசு.

எங்கள் ஒடியல் மாவில் வண்டு இருந்ததென்று ஒருவர் படத்தோடு கொமென்ட் போட்டுவிட்டார். அழிக்கலாமா?
– நெல்லியடியிலிருந்து

அழித்தால் அவர் ஸ்கிரீன்ஷொட்டோடு இன்னொரு குழுவில் போடுவார். அங்கே பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். 'ஹைட்' செய்து மறைத்தாலும் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டே இருக்கும். தூஷண வார்த்தை இருந்தால் மட்டும் ஹைட் செய்யுங்கள்.

அன்றைக்கே, அந்தக் கொமென்டுக்குக் கீழேயே எழுதுங்கள். இப்படி: 'அக்கா, வண்டு வந்தது எங்கள் பிழை. பையில் உள்ள திகதியை இன்பொக்ஸில் அனுப்புங்கோ. வேறு மா அனுப்பவா, காசைத் திருப்பித் தரவா என்று நீங்களே சொல்லுங்கோ.' முகவரியும் தொலைபேசி எண்ணும் இன்பொக்ஸில்தான் பேச வேண்டும். ஆனால் முடிவு வெளியே வர வேண்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். உள்ளே காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே ஒன்றும் எழுதாமல் விட்டால், பிறகு பார்க்கிற நூறு பேருக்கும் வண்டு மட்டுமே தெரியும். 'காசு இன்று அனுப்பிவிட்டோம், அந்தத் திகதியில் கட்டிய மிச்சப் பைகளையும் எடுத்துவிட்டோம்' என்று அதே இடத்தில் ஒரு வரி போடுங்கள். உண்மையாகவே எடுத்துவிடவும் வேண்டும்.

வண்டு ஏன் வந்தது என்பதையும் பாருங்கள். ஒடியல் முறித்தால் 'டக்' என்று ஒடியும் வரை காயாமல் இடித்திருக்கலாம். வெயிலில் சூடேறிய மாவை ஆறவிடாமல் பையில் கட்டியிருந்தால் உள்ளே வியர்த்து ஈரம் பிடிக்கும். மாரி காலத்தில் இரண்டும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் சிறிய பையாகக் கட்டி, 'திறந்ததும் காற்றுப் புகாத போத்தலில் வைக்கவும்' என்று எழுதி ஒட்டலாம்.

எழுதியவர் உங்களிடம் வாங்கவே இல்லை என்ற சந்தேகம் இருந்தாலும் சண்டைக்குப் போக வேண்டாம். வாங்கிய திகதியை மரியாதையாகக் கேளுங்கள். பொய்யென்றால் பெரும்பாலும் மறுமொழி வராது. கேட்டது நீங்கள், சொல்லாதது அவர் என்பது எல்லார் கண்ணிலும் படும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே அம்மா அப்பாவுக்குப் பிறந்தநாள் கேக், பழக்கூடை அனுப்பச் சொல்லுகிறார்கள். ஆளைத் தெரியாமல் முன்பணம் தரத் தயங்குகிறார்கள். எப்படி நம்பவைப்பது?
– கோப்பாயிலிருந்து

அவர்கள் தயங்குவது நியாயம். அரைவாசி முன்பணம், மிச்சம் கேக்கின் படத்தை அனுப்பிய பிறகு என்று வையுங்கள். கேக்கில் எழுத வேண்டிய பெயரை அவர்களே எழுத்தில் அனுப்பட்டும். தொலைபேசியில் கேட்டு எழுதினால் பிழை வரும். மழையால் அல்லது வீட்டில் ஆளில்லாமல் பிந்தினால் என்ன செய்வீர்கள், எத்தனை மணிநேரத்துக்கு முன் ரத்துச் செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்பவற்றை முதலிலேயே எழுதிக் கொடுங்கள்.

கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணிநேரம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் பத்தரை. அவர் வேலை முடிந்து இரவு 7 மணிக்குச் செய்தி போட்டால் இங்கே கோடையில் விடிய நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. பதில் வராவிட்டால் 'காசை வாங்கிவிட்டு ஆளைக் காணவில்லை' என்றுதான் நினைப்பார். வட்ஸ்அப் பிஸ்னஸில் தானியங்கிச் செய்தி வைக்கும் வசதி இருக்கிறது. 'யாழ்ப்பாண நேரம் காலை 7 மணிக்குப் பதில் தருவோம்' என்று நேரத்தைச் சொல்லி வையுங்கள். 'விரைவில் தொடர்புகொள்வோம்' என்பதை ஒருவரும் நம்புவதில்லை.

கேக்கைக் கையளிக்கும் வீடியோவை, அதை அனுப்பச் சொன்ன பிள்ளைக்கு மட்டும் கொடுங்கள். தனியே இருக்கும் வயதானவரின் முகம், வீட்டுக் கேற், ஒழுங்கைப் பெயர்ப்பலகை எல்லாம் தெரிய அதைப் பக்கத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மா தனியே என்று ஊருக்கே அறிவிப்பதுதான் அது. கேக்கும் கையும் தெரிந்தால் போதும், அதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

வாடிக்கையாளரை வட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதா, புரோட்காஸ்ட் பட்டியலா?
– வேலணையிலிருந்து

பட்டியல்தான். அதில் போடும் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். குழுவில் சேர்த்தால் ஒருவரின் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்கு இதனால் வரும் தொல்லை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பார்சலுக்குள் எண்ணும் பெயரும் உள்ள சிறு துண்டை வைத்து, 'புதுச் சரக்கு வந்தால் அறிய விரும்பினால் சேமியுங்கள்' என்று கேளுங்கள். வாரம் ஒன்றுக்கு மேல் அனுப்பாதீர்கள். காலை வணக்கப் படம் வேண்டவே வேண்டாம்.

டிக்டொக்கில் பிரபலமான ஒருவருக்குக் காசு கொடுத்து எங்கள் பனங்கட்டியைப் பற்றிப் பேசச் சொல்லலாமா?
– காரைநகரிலிருந்து

சொல்லலாம், காசு வாங்கியது என்பதை அவர் அதிலேயே சொன்னால். 'சீனி கலக்காதது' என்று அவர் வாயில் வைத்தால் பொறுப்பு உங்களுடையது. கருப்பநீர் (பனையின் இனிப்பு நீர்) வாங்குவதிலிருந்து குட்டானில் (சிறு ஓலைப் பெட்டியில்) வார்ப்பது வரை நீங்கள் நேரில் நின்று பார்த்திருந்தால் மட்டும் அந்தச் சொல்லைப் பாவியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குகிறவரை ஏமாற்றும் விதமான வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. முகநூல் விற்பனைக்கு அதில் விலக்கில்லை.

வாங்குகிற நான் ஒரு பக்கம் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?
– மானிப்பாயிலிருந்து

பேஸ்புக் பக்கத்தின் 'பேஜ் டிரான்ஸ்பேரன்சி' பகுதியில் பக்கம் தொடங்கிய திகதியும் முன்பிருந்த பெயர்களும் இருக்கும், பல பக்கங்களுக்கு நடத்துகிறவர்கள் இருக்கும் நாடும் தெரியும். போன மாதம் வரை வேறு பெயரில் தொலைபேசி விற்ற பக்கம் இன்று சேலை விற்றால் காசு போடாதீர்கள். படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் வேறு கடையிலிருந்து எடுத்ததா என்று பெரும்பாலும் பிடிபடும். ஏமாந்துவிட்டால் வங்கிச் சிலிப்பையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு 1977க்கு அழையுங்கள், அது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் எண்.

வாடிக்கையாளர் அனுப்பிய வங்கிச் சிலிப் போலி. பொருள் போய்விட்டது.
– அதே ஊரிலிருந்து இன்னொருவர்

சிலிப்பின் படம் காசு அல்ல. வங்கிச் செயலியில் உங்கள் கணக்கைத் திறந்து தொகை வந்ததைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் 'காசு வந்ததும் அனுப்புகிறோம்' என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையாகக் கட்டியவர் அதற்குக் கோபிக்க மாட்டார்.