வாசகர் கேள்வி-பதில்: கோணலாக அறுக்கும் செயின்சா

கேள்வி: சீமைக் கருவேல விறகு அறுக்கும் செயின்சா ஒரு பக்கமாகவே வளைகிறது. தூளும் மாவாக விழுகிறது. புது செயின் வாங்கணுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கூரான பல் சீவலாகத் தள்ளும். மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு வரிசைப் பற்கள் மண்ணில் பட்டு மழுங்கியிருந்தால், அல்லது ராவி ராவிக் குட்டையாகியிருந்தால், கூர் உள்ள பக்கமே அறுப்பு இழுக்கும்.

.325 அங்குல பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். 30 டிகிரியில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளி ராவுங்கள். இருப்பதில் குட்டையான பல் எதுவோ அதன் நீளத்துக்கு மற்றவை எல்லாம் வரவேண்டும். (பொறுமை தேவைப்படும் வேலைதான்.) பல்லுக்கு முன்னால் உள்ள மேடு பல்லின் முனையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும், அதிகம் இறக்கினால் மெஷின் உதறி அடிக்கும்.

அதற்குப் பிறகும் வளைந்தால் பாரைக் (செயின் சுற்றி ஓடும் தகட்டை) கழற்றி, தட்டையான கண்ணாடியின் மேல் அதன் விளிம்பு படும்படி நிறுத்துங்கள். சாய்ந்தால் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. மாட்டும்போது பார் நுனியைத் தூக்கிப் பிடித்தபடியே நட்டை முறுக்குங்கள். வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்துங்கள். சூடு ஆறினால் அது சுருங்கும்.