பி.எஸ்சி. இயற்பியல் படித்தால் டீச்சர் வேலை மட்டும்தானா?

வணக்கம் அம்மா. நீட்டில் மதிப்பெண் குறைந்ததைவிட, மகள் பி.எஸ்சி. இயற்பியல் கேட்பதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் நீங்களும் அவளும் உட்கார்ந்து, இயற்பியல் படித்து வானிலை விஞ்ஞானியான அன்னா மணியைப் பற்றிப் படியுங்கள்.

1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ். அப்புறம் பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகம். வைரமும் மாணிக்கமும் உமிழும் ஒளியை ஆராய்ந்தார். மிக மங்கலான ஒளி அது. போட்டோ பிளேட்டில் பதிவாக 15, 20 மணி நேரம்கூட ஆகும். பல ராத்திரிகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. தனி ஆளாக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். அத்தனைக்குப் பிறகும், எம்.எஸ்சி. இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டது. நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1945-இல் லண்டன் போனார். படிக்க நினைத்தது இயற்பியல், உதவித்தொகை கிடைத்ததோ வானிலைக் கருவிகளுக்கு. சரி என்று அதையே எடுத்துக்கொண்டார். 1948-இல் திரும்பி, புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வழி செய்தார்; கிட்டத்தட்ட 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். ஓசோனை அளக்கும் கருவியும் உருவாக்கினார். துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்ற பிறகும், எங்கே காற்றாலை வைக்கலாம் என்று நாடெங்கும் காற்றின் வேகத்தை அளந்தார். இத்தனைக்கும் அடித்தளம் அந்த இயற்பியல் படிப்புதான்.

அவருக்கு மறுக்கப்பட்ட பட்டத்தை உங்கள் மகள் முறையாக வாங்கட்டும். பி.எஸ்சி.யோடு நிறுத்திவிடாதீர்கள். ஐ.ஐ.டி.களிலும், ஐ.ஐ.எஸ்.சி. என்ற பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் மேற்படிப்புக்கு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. கடைசி வருஷத்தில் எழுதலாம், இரண்டாம் வருஷமே தயாராக ஆரம்பித்தால் நல்லது.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இயற்பியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒளியைப் பிரித்து ஆராயும் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்றை எத்தனை பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள், மாணவர்கள் கையால் தொட்டுச் செய்கிறார்களா என்று மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

இன்னொரு முறை நீட் எழுத அவளுக்கே ஆசை இருந்தால் அது வேறு பேச்சு. அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவள் வாயாலேயே கேட்போம்.