நாயைக் கருணைக்கொலை செய்தால் அதற்கு வலிக்குமா? எப்போது முடிவெடுப்பது?

ஊசி குத்தும் நொடியைத் தவிர வலி இல்லை. முதலில் மயக்க ஊசி. நாய் ஆழ்ந்து உறங்கிய பிறகுதான் முன்னங்காலின் ரத்தக் குழாயில் தயோபென்டோன் போன்ற மருந்தை மிகுதியாகச் செலுத்துவார்கள். உணர்வு அடங்கும், பிறகு மூச்சு, பிறகு இதயம். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண் மூடாது. ஓரிரு முறை மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையலாம், சிறுநீர் பிரியலாம். அது தவிப்பு அன்று. இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை; வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் நாய் மணி போனபோது பதறிவிட்டேன்.

எப்போது என்பதுதான் கடினம். கேட் சத்தத்துக்கு வால் ஆடவில்லை; தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாட்காட்டியில் நல்ல நாளையும் கெட்ட நாளையும் குறித்து வந்தோம். கெட்டவை மிகுந்ததும் மருத்துவரிடம் பேசினோம். உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலை உண்டு என்பதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், 13ஆம் பிரிவில், ஏற்கிறது.

வேலூர் வெயிலில் உடலை வைத்திருக்க முடியாது. குழியை முன்பே வெட்டிவையுங்கள், நான்கடி ஆழமாவது. பாலாற்று மணலில் புதைக்க வேண்டாம். மருந்து உடலில் தங்கியிருக்கும். தோண்டித் தின்னும் தெருநாய்களும் காக்கைகளும் செத்துப்போகக்கூடும்.