கொல்கத்தா சந்தேஷ் புளிக்காமல் ஊர் வந்து சேர

கேள்வி: ஜனவரியில் கொல்கத்தா போகிறோம். போன முறை வாங்கிய சந்தேஷ் என்னும் வங்காளப் பால் இனிப்பு, சென்னையில் ரயிலைவிட்டு இறங்குவதற்குள் புளித்துவிட்டது. இந்த முறை எதை வாங்கலாம்?

பதில்: நீங்கள் வாங்கியது 'நொரோம்பாக்' சந்தேஷாக இருந்திருக்கும். பாலைத் திரித்து நீரை வடித்தால் கிடைப்பது சேனா. அதைச் சர்க்கரையோ வெல்லமோ போட்டுக் கிளறி இளம்பதத்தில் இறக்கினால் நொரோம்பாக். ஈரம் வற்றும்வரை கிளறி இறக்கினால் கொராபாக். மிச்சமிருக்கும் ஈரம்தான் புளிக்க வைக்கிறது. அதனால் நொரோம்பாக்கை அங்கேயே, வாங்கிய அன்றே சாப்பிட்டுவிடுங்கள். ஊருக்குக் கொராபாக்தான். குளிர்காலத்தில் ரயில் பயணத்தைத் தாங்கிவிடும்.

கடையில் பெயர் சொல்லிக் கேட்டாலே தருவார்கள். சந்தேகமாக இருந்தால் ஒன்றை வாங்கி விண்டு பாருங்கள். கொராபாக் உதிர்ந்து உடையும். மற்றதில் விரல் பட்ட இடம் பள்ளமாகும்.

எங்கே வாங்குவது? வட கொல்கத்தாவில் ஹெதுவா பக்கம், 1844-இல் தொடங்கிய கிரீஷ் சந்திர தே - நகுர் சந்திர நந்தி கடைக்குச் சந்தேஷே அடையாளம். என் முதல் தேர்வு அதுதான். பௌபஜாரில் இருக்கும் பீம் சந்திர நாக் கடை இன்னும் பழையது, 1826. கிளம்பும் நாளன்று போய் வாங்குங்கள்.

நீங்கள் போகும் மாதமும் நல்ல மாதம். ஈச்ச மரத்தில் இரவெல்லாம் கலயத்தில் சொட்டும் பதநீரை விடியற்காலையில் இறக்கிக் காய்ச்சுவார்கள். அந்தப் புது வெல்லம்தான் 'நொலேன் குர்'. குளிர்காலம் போனால் அந்த மணமும் போய்விடும். அதனால் வெள்ளைச் சந்தேஷை விட்டுவிட்டு, இந்த வெல்லம் போட்ட பழுப்பு நிறக் கொராபாக்கைக் கேளுங்கள்.

சந்தன்நகரில் பிறந்த 'ஜொல்பரா' சந்தேஷ் பார்க்க நுங்கு மாதிரி இருக்கும். கடித்தால் உள்ளிருந்து பன்னீர்ப் பாகு வழியும். அதையும், மண்சட்டியில் உறைய வைத்த இனிப்புத் தயிரான மிஷ்டி தோயையும் அங்கேயே சாப்பிடுவதுதான் சுகம். ரசகுல்லா வேண்டுமென்றால் டின்னில் அடைத்ததை மட்டும் எடுத்து வாருங்கள்.

அப்புறம், இனிப்புப் பெட்டியைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே வியர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும். பையில் இடமிருந்தால் 'பாட்டாலி' என்னும் கட்டி ஈச்ச வெல்லம் ஒரு கிலோ வாங்கிப் போடுங்கள். வீட்டில் பாயசத்துக்கு ஆகும்.