பட்டுப்புடவையில் ஜரிகை எங்கே போனது? போட்டோ நிறம் பற்றிச் சில கேள்விகள்

முகூர்த்த மாதம் போலிருக்கிறது. இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கல்யாணப் படங்களைப் பற்றியவை.

சேச்சுரேஷன், வைப்ரன்ஸ் இரண்டுமே நிறத்தைக் கூட்டத்தானே? எதைத் தொடுவது?

சேச்சுரேஷன், பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே அளவு தள்ளிக்கொண்டே போகிற ஆள். வைப்ரன்ஸ் இலையைப் பார்த்துப் பரிமாறும். மங்கிய நிறங்களுக்கு அதிகம், ஏற்கெனவே அடர்ந்தவற்றுக்குக் கொஞ்சம், தோல் நிறத்துக்கு அதைவிடவும் குறைவு. படத்தில் ஆள் இருந்தால் வைப்ரன்ஸ்தான். நான் லைட்ரூம் மென்பொருளில் 20-ஐத் தாண்டுவது அபூர்வம்.

அரக்குச் சிவப்புப் பட்டு. படத்தில் மடிப்பும் தெரியவில்லை, ஜரிகையும் தெரியவில்லை, சிவப்புப் பெயின்ட் பூசியது போல இருக்கிறது. ஆனால் முகம் சரியாக இருக்கிறது. கேமரா கோளாறா?

கேமராவைக் குறை சொல்லாதீர்கள். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்புப் பட்டை எடுத்தால், மற்ற இரண்டும் தரையில் கிடக்கும்போதே சிவப்பு மட்டும் 255-இல் போய் முட்டிவிடும். முட்டிய இடத்தில் மடிப்பின் மேடும் பள்ளமும் ஒரே எண்தான். வெளிச்சத்தை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராமில் (எந்த அளவில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம்) இது தெரியாது; மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுவதைப் பாருங்கள், சிவப்பு வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு மேல் சேச்சுரேஷனையும் ஏற்றினால் கேட்கவே வேண்டாம்.

ரா கோப்பு (ஜேபெக் ஆக்குவதற்கு முந்தைய, கேமராவின் மூலப் பதிவு) இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். 'விவிட்' ப்ரொஃபைலை விட்டு 'நியூட்ரல்' எடுங்கள், எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை)க் கொஞ்சம் இறக்குங்கள், சிவப்பு ஸ்லைடரில் மட்டும் சேச்சுரேஷனை 10, 15 குறையுங்கள். முகம் இருட்டினால் அதை மட்டும் மாஸ்க் போட்டுத் தூக்கலாம்.

ஜேபெக் மட்டும்தான் கையில் என்றால் ஒரு பழைய வித்தை இருக்கிறது. சிவப்பில் தொலைந்த மடிப்பு பச்சைச் சேனலில், அதாவது பச்சை எண்கள் மட்டும் இருக்கும் அடுக்கில், பத்திரமாக இருக்கும். ஜரிகை தங்க நிறம் என்பதால் அங்கே பளிச்சென்றே தெரியும். போட்டோஷாப்பில் பச்சைச் சேனலை நகலெடுத்து மேல் லேயராக ஒட்டி, நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் மாற்றும் 'லுமினாசிட்டி' மோடில் 25 சதவீதம் போல வையுங்கள், புடவைக்கு மட்டும். அடுத்த முறை எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்துவிட்டால் இந்த வேலையே மிச்சம்.

மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் ஒயிட் பேலன்ஸ் துளிசொட்டியை ('இதுதான் வெள்ளை' என்று மென்பொருளுக்குக் காட்டும் கருவி) வைத்தேன். முகமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஏன்?

புது வேட்டி கண்ணுக்குத்தான் வெள்ளை. வெளுப்பாக்கும் பொருள் சேர்த்த துணி லேசாக நீலம் அடிக்கும். அதை வெள்ளை என்று மென்பொருள் நம்பினால், நீலத்தைக் கழிக்க மஞ்சளைக் கொட்டும். மேடையில் வெளிச்சம் மாறும்போதெல்லாம் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லையென்றால் முகத்தைப் பார்த்துக் கையால் சரிசெய்வதே மேல்.

இரண்டு வெளிச்சம் கலந்த படத்தில் இன்னொரு சிக்கல். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் மஞ்சள் பல்பு 3,000 சுமாருக்கு, ஜன்னல் வெளிச்சம் 5,500 சுமாருக்கு. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. முகத்தைச் சரியாக்கிவிட்டு மற்றதை மாஸ்க்கில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊதா எல்இடியில் நனைந்த படமா? அந்த வெளிச்சத்தில் பச்சை ஏறக்குறைய இல்லவே இல்லை, இல்லாததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள், அழகாகவே இருக்கும்.

கூடவே ஒன்று. "பொண்ணை இன்னும் கலராக்குங்க" என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆரஞ்சு ஸ்லைடரில் லுமினன்ஸை (வெளிச்சத்தை) ஏற்றினால் முகத்தோடு தேக்குக் கதவும் சேர்ந்து வெளிறும். மாநிறம் மாநிறமாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி.

வயல்வெளியின் பச்சை, படத்தில் பிளாஸ்டிக் போல ஆகிறது.

பச்சை ஸ்லைடரை விடுங்கள், மஞ்சளைத் தொடுங்கள். நாற்றிலும் இலையிலும் நாம் பச்சை என்று பார்ப்பதில் பெரும்பகுதி மென்பொருளுக்கு மஞ்சள். அதன் சாயலைச் சற்றே பச்சைப் பக்கம் நகர்த்தி, செறிவைக் குறையுங்கள்.

கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கும் படம் போனில் வெளிறிப்போகிறது, பிரின்டில் இருண்டுபோகிறது.

இரண்டும் வேறு வேறு வியாதி. முதலாவதற்கு, அடோபி ஆர்ஜிபியில் சேமிக்கிறீர்களா என்று பாருங்கள். 1998-இல் வந்த அந்த நிறவெளி (ஒரு கோப்பு காட்டக்கூடிய நிறங்களின் எல்லை), போன்களும் இணையமும் பொதுவாக எதிர்பார்க்கும் எஸ்ஆர்ஜிபியைவிட அகலம்; அதைப் புரிந்துகொள்ளாத செயலியில் படம் சாயம் போனது போலத் தெரியும். எக்ஸ்போர்ட்டில் எஸ்ஆர்ஜிபி என்று மாற்றுங்கள், போதும்.

இரண்டாவதற்குக் காரணம் அநேகமாக உங்கள் திரைதான். முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு எடிட் செய்தால், படம் போதுமான வெளிச்சத்தில் இருப்பதாகத் தோன்றும். திரையைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஆல்பம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் அதே லேபில், அதே தாளில், ஒரே ஒரு 4×6 போட்டு வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் எவ்வளவு தூக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.