ரூட் இருக்கிறது, எழுதத்தான் முடியவில்லை: கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன: "ரூட் செய்துவிட்டேன், ஆனால் ஃபைலை மாற்ற விடமாட்டேன் என்கிறது." ரூட், அதாவது ஆண்ட்ராய்டு போனின் முழு அதிகாரம், கிடைப்பது வேறு, ஃபைலில் எழுத முடிவது வேறு. ஃபைலின் பெர்மிஷன், பார்ட்டிஷன் (சேமிப்பகத்தின் ஒரு பிரிவு) மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது சிஸ்டத்தோடு இணைந்திருக்கும் விதம், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு, இடப் பற்றாக்குறை என்று வழியை மறிப்பவை பல. இதில் எது மறிக்கிறது என்பதைப் போனே சொல்லிவிடும். "பெர்மிஷன் டினைட்", "ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்", "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்", "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" நான்கும் நான்கு வெவ்வேறு நோய்கள். எனவே "எரர் வருகிறது" என்று மட்டும் எழுதாமல், வந்த செய்தியை எழுத்துக்கு எழுத்து அப்படியே அனுப்புங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, ரூட் கொடுக்கும் மேஜிஸ்க் செயலியை இன்ஸ்டால் செய்தேன். ஆனாலும் ரூட் செக்கர் "ரூட் இல்லை" என்கிறது. ஆண்ட்ராய்டு 13-உடன் வந்த போன்.

பதில்: தம்பி, மேஜிஸ்க்கைத் திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். "இன்ஸ்டால்டு" என்பதற்கு எதிரே பதிப்பு எண் இல்லாமல் "என்/ஏ" என்று இருந்தால், செயலி மட்டும்தான் வந்திருக்கிறது, ரூட் இன்னும் வரவில்லை. போனைத் துவக்கும் ஃபைலான பூட் இமேஜை அந்தச் செயலியில் கொடுத்து பேட்ச் செய்து (திருத்தி), ஃபாஸ்ட்பூட்டில், அதாவது கணினியிலிருந்து பார்ட்டிஷனில் எழுதும் முறையில், ஃபிளாஷ் செய்த பிறகுதான் ரூட் உயிர் பெறும். ஆண்ட்ராய்டு 13-உடன் வெளிவந்த போன்களில் பொதுவான ராம்டிஸ்க் (துவங்கும்போது முதலில் ஏறும் ஃபைல்களின் தொகுப்பு) "பூட்" பார்ட்டிஷனை விட்டு "இனிட் பூட்" என்ற தனிப் பார்ட்டிஷனுக்குப் போய்விட்டது. உங்கள் போனின் மென்பொருள் தொகுப்பான ஃபர்ம்வேரைப் பிரித்து, இனிட் பூட் இமேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேட்ச் செய்ய வேண்டியது அதைத்தான். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து பூட் இமேஜை மாற்றியவர்களுக்கு எல்லாம் சரியாக முடிந்த மாதிரி தெரியும், ரூட் மட்டும் வராது.

இமேஜ் உங்கள் போனில் இப்போது ஓடும் அதே பில்ட் எண்ணுக்கு உரியதாக இருக்கட்டும். போனைத் துவக்கும் நிரலான பூட்லோடரை இன்னும் அன்லாக் செய்யவில்லை என்றால், செய்யும்போது போனில் இருப்பது அத்தனையும் அழியும். முதலில் பேக்கப்.

கேள்வி: மேஜிஸ்க்கில் பதிப்பு எண் தெரிகிறது. ஆனால் கட்டளை அடிக்கும் செயலியான டெர்மினலில், ரூட் கேட்கும் "எஸ்யு" அடித்தால் "பெர்மிஷன் டினைட்". ஏன்?

பதில்: அனுமதி கேட்டு ஒரு பெட்டி எழும். 10 வினாடிக்குள் "கிராண்ட்" தட்டாவிட்டால் மறுத்ததாகவே மேஜிஸ்க் எடுத்துக்கொள்ளும். பேட்டரி சிக்கனம் பார்க்கும் சில போன்களில் அந்தப் பெட்டியே மேலே வராது. மேஜிஸ்க்கின் "சூப்பர்யூசர்" பக்கத்தில் டெர்மினலின் பெயர் அணைந்து கிடந்தால் அதை இயக்குங்கள். பிறகு எஸ்யு போட்டு "ஐடி" என்று அடியுங்கள். யுஐடி (யூசர் எண்) 0 என்று வந்தால் ரூட் கையில் இருக்கிறது. 2000 வந்தால் ரூட் இல்லாத சாதாரண ஷெல் யூசர். 10,000-க்கு மேல் வந்தால் ஒரு செயலியின் உடுப்பில்தான் இன்னும் இருக்கிறீர்கள். எந்தச் சிக்கலுக்கும் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

கேள்வி: சார், சிஸ்டம் ஃபோல்டரில் உள்ள ஹோஸ்ட்ஸ் ஃபைலை (இணைய முகவரிகளைத் திசைதிருப்பும் ஃபைல்) மாற்ற வேண்டும். எழுதும் நிலையில் மறுபடி மவுண்ட் செய்யும் ரீமவுண்ட் கட்டளை கொடுத்தால் "சிஸ்டம் நாட் இன் ப்ராக் மவுண்ட்ஸ்" என்கிறது. இணையத்தில் எல்லாரும் அதே கட்டளையைத்தான் சொல்கிறார்கள்.

பதில்: அந்தக் கட்டளை ஒரு காலத்தில் சரி. அப்போது சிஸ்டம் தனியாக மவுண்ட் ஆனது. ஆண்ட்ராய்டு 10 முதல் சிஸ்டம் பார்ட்டிஷனே ரூட் டைரக்டரியாக (இது ரூட் அதிகாரம் அல்ல, எல்லா ஃபோல்டருக்கும் மேலான ஃபோல்டர்), அதாவது வெறும் சாய்கோட்டில் மவுண்ட் ஆகிறது. சிஸ்டம் என்ற பெயரில் தனி மவுண்ட் இல்லை, அதனால்தான் அந்தச் செய்தி.

"சரி, சாய்கோட்டையே ரீமவுண்ட் செய்கிறேன்" என்று அடுத்துச் செய்வீர்கள். அப்போது "ரீட் ஒன்லி" என்று வரும். இந்த இடத்தில்தான் பலர் இரவு முழுக்க முட்டிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த போன்கள் தொடங்கி சிஸ்டம், வெண்டர், ப்ராடக்ட் ஆகிய பார்ட்டிஷன்கள் எல்லாம் "சூப்பர்" என்ற ஒரே பெரிய பார்ட்டிஷனுக்குள் அளந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே இஎக்ஸ்டி4 என்ற, எழுதக்கூடிய ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை அடுக்கும் முறை) இருந்தாலும், ஒரே மாதிரியான பிளாக்குகளை இரண்டு மூன்று ஃபைல்கள் பங்குபோட்டுக்கொள்ளும்படி இடத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஒரு ஃபைலில் எழுதினால் இன்னொரு ஃபைலும் கெடும் என்பதால் ஆண்ட்ராய்டின் மையக் கருவான கெர்னல் அதை எழுதும் நிலையில் மவுண்ட் செய்ய மறுக்கிறது. புதிய போன்கள் பலவற்றில் இருப்பது இஆர்ஓஎஃப்எஸ். அது படிப்பதற்கு மட்டுமே வடிவமைத்த ஃபைல் சிஸ்டம், அதில் எழுதும் வசதியே கிடையாது. ரூட்டுக்கும் கிடையாது, யாருக்கும் கிடையாது. "மவுண்ட்" என்று மட்டும் அடித்து, சாய்கோடு உள்ள வரியில் எந்த ஃபைல் சிஸ்டம் பெயர் வருகிறது என்று பாருங்கள், உங்கள் போனின் கதை தெரிந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டி எழுதிவிட்டாலும் டிஎம்-வெரிட்டி என்ற சோதனை இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கின் ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) அது சரிபார்க்கும். ஆண்ட்ராய்டு 7-லிருந்து இந்தச் சோதனை கடுமையாகிவிட்டது. ஒரு பைட் மாறினாலும் போன் துவங்காமல் போகலாம். நீங்கள் செய்ய நினைப்பது நியாயமான வேலைதான். சிஸ்டத்தில் எழுதித்தான் அதைச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஹோஸ்ட்ஸ் ஒன்றுதான் தேவை என்றால் மேஜிஸ்க் செட்டிங்ஸில் "சிஸ்டம்லெஸ் ஹோஸ்ட்ஸ்" என்ற வசதி இருக்கிறது. அதைத் தட்டி ரீபூட் செய்தால் போதும்.

கேள்வி: ஹோஸ்ட்ஸ் மட்டுமல்ல, வெண்டரில் ஒரு கான்ஃபிக் ஃபைலையும் மாற்ற வேண்டும். அதற்கு மேஜிஸ்க் மாட்யூல் (சிஸ்டத்தைத் தொடாமல் மாற்றம் செய்யும் சிறு தொகுப்பு) எழுத வேண்டும் என்கிறார்கள், அந்த அளவுக்கு எனக்கு அறிவு இல்லை அண்ணா.

பதில்: இருக்கிறது தம்பி. ஒரு ஃபோல்டரும் இரண்டு ஃபைலும்தான். டேட்டா ஃபோல்டரில் ஏடிபி, அதற்குள் மாட்யூல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பெயரைப் பார்த்து, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் யுஎஸ்பி டீபக்கிங்கின் ஏடிபி என்று குழம்ப வேண்டாம், மேஜிஸ்க் தன் பொருள்களை வைக்கும் இடம் அது. அங்கே உங்களுக்குப் பிடித்த பெயரில், இடைவெளி இல்லாமல், ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதில் "மாட்யூல் ப்ராப்" என்ற சிறு ஃபைல். ஐடி, பெயர், பதிப்பு, பதிப்பு எண், எழுதியவர், விளக்கம் என்று ஆறு வரி. ஐடி வரியில் ஃபோல்டரின் பெயரே இருக்க வேண்டும்.

அடுத்து "சிஸ்டம்" என்று உள் ஃபோல்டர். மாற்ற வேண்டிய ஃபைல் போனில் எந்தப் பாதையில் இருக்கிறதோ அதே பாதையை இதற்குள் கட்டி, திருத்திய ஃபைலை வையுங்கள். வெண்டர் ஃபைல் என்றாலும் சிஸ்டத்துக்குள் வெண்டர் என்று ஃபோல்டர் போட்டு அதற்குள்தான் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் மேஜிஸ்க் கண்டுகொள்ளாது. பலர் வழுக்கி விழும் இடம் இது. ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755, உரிமையாளர் ரூட். ரீபூட். துவங்கும்போது மேஜிஸ்க் உங்கள் ஃபைலை அசல் ஃபைலின் மேல் மவுண்ட் செய்துவிடும். அசல் தொடப்படாமல் அடியிலேயே இருக்கும். பிடிக்கவில்லையென்றால் மாட்யூலை அணைத்து ரீபூட், எல்லாம் பழையபடி.

கேள்வி: 644, 755 என்றெல்லாம் ஏன் மண்டையைக் குழப்ப வேண்டும்? எல்லாவற்றுக்கும் 777 போட்டால் வேலை முடிந்ததே?

பதில்: தயவு செய்து வேண்டாம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கங்களில் முதலாவது உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்ற எல்லாருக்கும். 644 என்றால் உரிமையாளர் படித்து எழுதலாம், மற்றவர் படிக்க மட்டும். 777 என்றால் போனில் ஓடும் எந்தக் குப்பைச் செயலியும் அந்த ஃபைலைத் திருத்தலாம் என்று நீங்களே கையெழுத்துப் போடுகிறீர்கள். "ரீட் ஒன்லி" என்று வந்த சிக்கலுக்கு 777 மருந்தும் அல்ல, அந்தக் கட்டளையே அங்கே தோற்கும்.

நானும் பழைய போன் ஒன்றில் பில்ட் ப்ராப் என்ற சிஸ்டம் அமைப்பு ஃபைலைத் திருத்திவிட்டு பெர்மிஷனைப் பார்க்காமல் ரீபூட் செய்திருக்கிறேன். எடிட்டர் புதிய ஃபைலை வேறு பெர்மிஷனில் சேமித்துவிட்டது. போன் லோகோவிலேயே நின்றது. திருத்திய வரியில் தவறே இல்லை. அன்றிலிருந்து ஒரு ஃபைலைத் தொடும் முன் "எல்எஸ்" கட்டளையைச் சின்ன எல், பெரிய இசட் இரண்டும் சேர்த்து அடித்து, பெர்மிஷன், உரிமையாளர், எஸ்இலினக்ஸ் லேபிள் (ஃபைலில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு அடையாளம்) மூன்றையும் குறித்துவைத்துக்கொள்கிறேன். திருத்திய பிறகு மூன்றும் அதேபடி இருக்க வேண்டும்.

கேள்வி: கேம் டேட்டாவை ரூட் வைத்து பேக்கப் எடுத்தேன். ரீசெட் செய்து கேமை மறுபடி போட்டு, டேட்டாவை அதே இடத்தில் ஒட்டினேன். திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன.

பதில்: ஃபைல்கள் இருக்கின்றன, ஆனால் அவை அந்த கேமுக்குச் சொந்தமில்லை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் ஒரு தனி யூசர். மறுபடி இன்ஸ்டால் செய்யும்போது புது எண் கிடைக்கும். முன்பு யு0_ஏ180 ஆக இருந்தது இப்போது யு0_ஏ217 ஆகியிருக்கலாம், அதாவது யுஐடி 10217. நீங்கள் ஒட்டிய ஃபைல்களோ ரூட் பெயரிலோ பழைய எண்ணிலோ கிடக்கின்றன.

கேமை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்யுங்கள். டேட்டா ஃபோல்டரில் அந்த கேமின் பேக்கேஜ் ஃபோல்டருக்கு இப்போதைய உரிமையாளர் யார் என்று எல்எஸ்ஸில் பாருங்கள். உள்ளே உள்ளவற்றை "சிஹெச்ஓன்" கட்டளையால் அந்தப் பெயருக்கே மாற்றுங்கள். தற்காலிக ஃபைல்கள் இருக்கும் கேஷ் ஃபோல்டரை மட்டும் விட்டுவிடுங்கள், அதன் குழு வேறு. பழைய கேஷை ஒட்டவே தேவையில்லை. கடைசியாக லேபிளைச் சரிசெய்யும் "ரீஸ்டோர்கான்" கட்டளையைப் பெரிய ஆர், பெரிய டி ஆப்ஷன்களோடு அந்த ஃபோல்டருக்குக் கொடுங்கள். டி இல்லாவிட்டால் செயலிகளின் டேட்டாவை அது தொடாமல் போய்விடும். லேபிள் சரியானதும் கேம் திறக்கும்.

கேள்வி: எஸ்இலினக்ஸை பெர்மிசிவ் (எதையும் தடுக்காத நிலை) ஆக்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார்களே?

பதில்: ஆண்ட்ராய்டு 5-லிருந்து எஸ்இலினக்ஸ் முழுமையாக என்ஃபோர்சிங்கில், அதாவது மீறலைத் தடுக்கும் நிலையில் ஓடுகிறது. செயலிகளைப் பிரித்து வைக்கும் முக்கியமான சுவர் அது. சோதனைக்காக ஒரு நிமிடம் பெர்மிசிவ் ஆக்கிப் பார்க்கலாம். சிக்கல் தீர்ந்தால் லேபிள்தான் தவறு என்று தெரிந்துகொண்டு, உடனே என்ஃபோர்சிங்குக்குத் திரும்பி லேபிளைச் சரிசெய்யுங்கள். நிரந்தரமாக அப்படியே விட நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கணினியிலிருந்து ஃபைல் அனுப்பும் ஏடிபி புஷ் செய்தால் டேட்டா ஃபோல்டரில் எழுத மறுக்கிறது. "ஏடிபி ரூட்" கொடுத்தால் ப்ரொடக்ஷன் பில்டில் (விற்பனைப் போனில் வரும் சிஸ்டத்தில்) முடியாது என்கிறது. போன் ரூட் ஆனதுதான்.

பதில்: எஸ்யு கேட்டால் கிடைக்கும் ரூட்டும், ஏடிபி சேவையே ரூட்டாக ஓடுவதும் வேறு வேறு. புஷ் எப்போதும் ஷெல் யூசராகத்தான் எழுதும். டேட்டாவுக்குள் உள்ள லோக்கல், அதற்குள் டிஎம்பி ஃபோல்டருக்குப் புஷ் செய்துவிட்டு, ஏடிபி ஷெல்லில் எஸ்யு போட்டு அங்கிருந்து நகலெடுங்கள். பிறகு உரிமையாளரையும் லேபிளையும் பாருங்கள்.

கேள்வி: மெமரி கார்டில் சிஹெச்மோட் எத்தனை முறை கொடுத்தாலும் பெர்மிஷன் மாறவே இல்லை. இப்போது புதிதாக எதையும் சேமிக்கவும் முடியவில்லை சகோ.

பதில்: இரண்டும் வேறு வேறு சிக்கல். மெமரி கார்டுகளில் வழக்கமாக இருக்கும் எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் ஃபைல் சிஸ்டம்கள் இரண்டுக்கும் லினக்ஸ் பெர்மிஷனைப் பதிந்துவைக்க இடமே கிடையாது. எல்எஸ்ஸில் தெரிவது மவுண்ட் செய்யும்போது சிஸ்டம் போட்டுக் காட்டும் வேஷம். அதனால் சிஹெச்மோட் அங்கே பலிக்காது.

ஏற்கனவே எழுத முடிந்த கார்டு திடீரென மறுத்தால் அதுதான் எனக்குக் கவலை. ஃபைல் சிஸ்டத்தில் பிழை கண்டால் கெர்னல் கார்டை ரீட் ஒன்லி ஆக்கிவிடும். ஆயுள் முடியும் கார்டுகளும் பல நேரம் தாமாகவே எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். ஃபார்மட், ரிப்பேர் எதையும் முயலும் முன் இன்றே எல்லாப் படங்களையும் வெளியே நகலெடுங்கள். பிறகு கணினியில் ஃபார்மட் செய்து பாருங்கள். ஃபார்மட் முடிந்த பிறகும் பழைய படங்கள் அப்படியே திரும்பி நின்றால் அந்தக் கார்டை நம்ப வேண்டாம்.

கேள்வி: ஒரே தட்டில் ரூட் செய்யும் செயலிகள் பாதுகாப்பானவையா?

பதில்: இல்லை. கெர்னலின் ஓட்டையில் நுழைந்துதான் அவை ரூட் வாங்குகின்றன. நுழைந்த பிறகு வேறென்ன செய்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: அண்ணா, அவசரம். நீங்கள் சொன்ன மாதிரி மாட்யூல் போட்டேன், போன் லோகோவைத் தாண்டவில்லை. டேட்டா போய்விடுமா?

பதில்: போகாது, பதறாமல் செய்யுங்கள். ஃபேக்டரி ரீசெட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் சேஃப் மோடில் துவக்குங்கள். பெரும்பாலான போன்களில் லோகோ வந்ததும் வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். சேஃப் மோடில் துவங்கினால் மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் அணைத்துவிடும். அடுத்து சாதாரணமாக ரீபூட் செய்தாலும் அவை அணைந்தே இருக்கும்.

அது பலிக்கவில்லை, ஆனால் யுஎஸ்பி டீபக்கிங்கை முன்பே இந்தக் கணினிக்கு அனுமதித்திருக்கிறீர்கள் என்றால், "வெயிட் ஃபார் டிவைஸ்" போட்டு ஏடிபி ஷெல் வழியாக மேஜிஸ்க்கின் "ரிமூவ் மாட்யூல்ஸ்" கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். லோகோ சுழலும்போதே ஏடிபி ஒரு கணம் விழிக்கும், அந்தக் கணத்தில் கட்டளை உள்ளே போய்விடும். இரண்டும் தோற்றால் பேட்ச் செய்யாத அசல் இமேஜை ஃபாஸ்ட்பூட்டில் திரும்ப ஃபிளாஷ் செய்யுங்கள். ரூட் போகும், மாட்யூல் ஏறாது, உங்கள் படங்களும் மெசேஜ்களும் அப்படியே இருக்கும். போன் திறந்ததும் மாட்யூல் ஃபோல்டரில் உள்ள ஃபைலின் பெர்மிஷனையும் லேபிளையும் அசலோடு ஒப்பிட்டு எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம்.